பாலே பின்னணியில் சரித்திர சஸ்பென்ஸ் நாவல்: எந்த ஊர், எந்தக் காலம்?

பாலே உலகத்தை வைத்து விறுவிறுப்பான ஒரு சரித்திர நாவல் எழுத ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் வந்து நிற்கிறார்கள். கதாநாயகி மனதில் இருக்கிறாள், ஒரு சாவோ ஒரு திருட்டோ கூட யோசித்தாகிவிட்டது, ஆனால் அவளை எந்த ஊர் மேடையில், எந்த வருஷத்தில் நிறுத்துவது என்று மட்டும் தெரியவில்லை. பாரிஸ் ஓபராவா, ஜார் காலத்து பீட்டர்ஸ்பர்க்கா, பாலே ரூஸ் என்ற பெயரில் ஊர் ஊராகச் சுற்றிய தியாகிலெவின் ரஷ்யக் குழுவா, கேஜிபி ஆளும் கூடவே விமானம் ஏறிய பனிப்போர்க் காலமா? நான்கிலும் ஒரு நாவலுக்குத் தேவையானதைவிட அதிகமாகவே சம்பவங்கள் கிடக்கின்றன. தேர்வு கஷ்டமாவதும் அதனால்தான்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெளியே நடக்கும் பெரிய சரித்திரச் சம்பவம் சஸ்பென்ஸ் தராது. புரட்சி வரும், போர் வரும், ஜார் விழுவார் என்பதெல்லாம் வாசகருக்கு முன்பே தெரியும். அவருக்குத் தெரியாதது அரங்கத்துக்குள் இருக்கிறது: நாளைய வேஷம் இந்தப் பெண்ணுக்குக் கிடைக்குமா, அவளைப் பார்க்க வந்திருக்கும் அந்த மனிதர் யார், அவள் பெட்டியைத் திறந்து பார்த்தது எவர். ஆகவே நடனமணியின் அன்றாட வேலைக்குள்ளேயே ஆபத்து உட்கார்ந்திருந்த காலம் எதுவோ, அதுதான் இந்த வகை நாவலுக்கு ஏற்ற காலம்.

## எதை வைத்து எடை போடுவது

முதல் அளவுகோல், சாவி யாரிடம் இருந்தது என்பது. ஒரு நடனமணியை மேடையேற்றவும், வேலையை விட்டு நீக்கவும், ஊரை விட்டுப் போகவிடாமல் தடுக்கவும் யாருக்கு அதிகாரம் இருந்தது? அந்த ஆள் தினமும் அவள் கண்ணில் படும் தூரத்தில் இருந்தால் கதைக்குப் பாதி வேலை முடிந்தது.

இரண்டாவது, முடிவு வாசகருக்கு எவ்வளவு தெரியும். மூன்றாவது, நிஜப் பிரபலங்களின் நெரிசல். தியாகிலெவ் குழுவின் புகழ்பெற்ற நடனக்காரர் நிஜின்ஸ்கி ஒரு காட்சியில் நுழைந்துவிட்டால் உங்கள் கற்பனைக் கதாநாயகியை அப்புறம் யாரும் பார்க்க மாட்டார்கள். நான்காவது, ஆதாரம். பிரெஞ்சும் ரஷ்யனும் படிக்கத் தெரியாத ஒருவர் ஆங்கிலத்தை மட்டும் வைத்துக்கொண்டு எவ்வளவு தூரம் போக முடியும்?

ஐந்தாவதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்: அந்த வருஷத்தில் கால் எதையெல்லாம் செய்ய முடிந்தது? 1832 மார்ச்சில் மாரி தாக்லியோனி 'லா சில்ஃபீட்' பாலேயில் விரல் நுனியில் நின்று பாரிஸைக் கட்டிப்போட்டபோது அவர் காலில் இருந்தது மென்மையான சாட்டின் செருப்பு, ஓரங்களில் நூலால் இழையோட்டி உறுதிப்படுத்தியது, அவ்வளவுதான். முனை கெட்டியான ஷூ அந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் இத்தாலிய நடனமணிகள் வழியாகப் பரவியது. ஒரே காலில் சுழன்றுகொண்டே போகும் 32 ஃபுவெத்தேக்களை ரஷ்ய மேடையில் பிரபலமாக்கிய பியரினா லெஞ்ஞானியும் இத்தாலிதான், அது 1890-களின் கதை. 1840-ல் நடக்கும் நாவலில் கதாநாயகி அப்படிச் சுழன்றால், விஷயம் தெரிந்த வாசகர் அந்தப் பக்கத்திலேயே புத்தகத்தை மூடிவிடுவார்.

அவசரமாக இருப்பவர்களுக்கு:

| | பாரிஸ் ஓபரா 1862–71 | பீட்டர்ஸ்பர்க் 1901–18 | தியாகிலெவ் குழு 1909–29 | சோவியத் 1941–62 |
|---|---|---|---|---|
| சாவி யாரிடம் | சந்தாதாரர்கள், நிர்வாகம் | அரண்மனை | தியாகிலெவ், அவருடைய கடன்காரர்கள் | கட்சி, உளவுத்துறை |
| முடிவு வாசகருக்குத் தெரியுமா | கொஞ்சம்தான் | நன்றாகவே | பாதி | தனி மனிதர்கள் விஷயத்தில் தெரியாது |
| பிரபலங்களின் நெரிசல் | குறைவு | அதிகம் | மிக மிக அதிகம் | அதிகம், சிலருடைய குடும்பங்கள் இன்றும் உண்டு |
| ஆங்கிலத்தில் ஆதாரம் | ஓரளவு | நிறைய | ஏராளம் | நிறைய, ஆனால் முரண்படும் |
| மறைந்திருக்கும் செலவு | வெளிச்சம், உடை, ஆண் வேஷம் | இரண்டு காலண்டர்கள் | பெயர்களும் மேற்கோள் உரிமையும் | அமைப்புகளின் மாறும் பெயர்கள் |

## பாரிஸ் ஓபரா: நெருப்பும் முற்றுகையும்

பாரிஸ் ஓபரா என்றதும் நினைவுக்கு வரும் கார்னியே மாளிகை 1875 ஜனவரியில்தான் திறந்தது. அதற்கு முன் ஓபரா லெ பெலெத்தியே தெருவில் இருந்தது. 1821-ல் தற்காலிகமாக என்று சொல்லிக் கட்டிய அரங்கம், ஐம்பது வருஷத்துக்கு மேல் தாக்குப்பிடித்து, 1873 அக்டோபர் கடைசியில் எரிந்து போனது. நாவலுக்கு நான் இந்தப் பழைய கட்டடத்தைத்தான் சொல்வேன். மேடை முழுக்க எரிவாயு விளக்குகள், பக்கவாட்டில் மூடாத சுடர்கள், அவற்றுக்கு நடுவே காற்றில் மிதக்கும் மெல்லிய துணியில் ஐம்பது பெண்கள். ஆபத்தை நீங்கள் வெளியிலிருந்து கொண்டுவர வேண்டியதே இல்லை.

எம்மா லிவ்ரியின் கதையை அறியாமல் இந்தக் காலத்தைத் தொடக் கூடாது. தாக்லியோனியே வயதான காலத்தில் திரும்பி வந்து வளர்த்தெடுத்த பெண். அவளுக்காகவே 1860-ல் 'லெ பப்பியோன்' என்ற பாலேயை அமைத்தார். அதில் எம்மா ஆடியது சிறகு கருகும் பட்டாம்பூச்சி வேஷம். அப்போதே உடைகளைப் படிகாரக் கரைசல் போன்றவற்றில் நனைத்துத் தீப்பிடிக்காமல் செய்யும் முறை வந்துவிட்டது, சட்டமும் வந்துவிட்டது. ஆனால் அப்படி நனைத்த துணி விறைத்துப்போய் நிறம் மங்கியது. சாதாரண உடையில்தான் ஆடுவேன் என்று எம்மா எழுதிக்கொடுத்தாள். 1862 நவம்பர் 15, ஒத்திகையில் மேடைப் பக்கத்தில் காத்திருந்தபோது பாவாடையை ஒரு சுடர் பற்றியது. எட்டு மாத வேதனைக்குப் பிறகு 1863 ஜூலையில் இறந்தாள், வயது இருபதுதான். எரிந்து மிஞ்சிய உடைத் துண்டை ஓபராவின் நூலக அருங்காட்சியகம் வைத்திருக்கிறது. அந்தக் கடிதத்தை எழுதச் சொல்லித் தூண்டியவர் யாராவது இருந்திருந்தால்? மேடை ஓரத்தில் தயாராக இருக்க வேண்டிய ஈரக் கம்பளியை அன்றைக்கு மட்டும் யாராவது நகர்த்தியிருந்தால்? எம்மாவின் சாவைக் கொலையாக்குங்கள் என்று சொல்லவில்லை, அது அந்தப் பெண்ணுக்குச் செய்யும் அநியாயம். அந்த மாதிரி ஒரு மேடையில், அதே அச்சத்தோடு, உங்கள் கற்பனைப் பெண்ணை நிறுத்துங்கள் என்கிறேன்.

சாவி விஷயத்தில் பாரிஸுக்கு நிகர் இல்லை. 1831-ல் ஓபராவின் இயக்குநராக வந்த லூயி வேரோன், பணக்காரச் சந்தாதாரர்களை மேடைக்குப் பின்னால் இருந்த நடனக் கூடத்துக்குள் நேராக அனுமதித்தார். நடனமணிகள் உடம்பைச் சூடேற்றிக்கொண்டிருக்கும்போதே கறுப்புக் கோட்டும் உயரத் தொப்பியும் போட்ட ஆட்கள் பேசிக்கொண்டு நிற்பார்கள். 'குட்டி எலிகள்' என்று அழைக்கப்பட்ட மாணவிகள் பெரும்பாலும் சலவைக்காரிகள், தையல்காரிகள், காவல்காரர்கள் வீட்டுப் பிள்ளைகள். கூடவே வரும் அம்மா காவலுக்கு வருகிறாளா, பேரம் பேச வருகிறாளா என்று சொல்ல முடியாது. ஆண்டுத் தேர்வு, படிநிலை, அபராதம் எல்லாம் நிர்வாகத்தின் கையில். சந்தாதாரர் ஒருவரின் ஒரு வார்த்தை ஒரு பெண்ணை வரிசையில் முன்னே தள்ளும், இன்னொருத்தியை இல்லாமல் ஆக்கும். சந்தேகத்துக்கு உரியவர்கள் எல்லோரையும் ஒரே அறையில் நிறுத்த இதைவிட நல்ல ஏற்பாடு கிடைக்காது.

அப்புறம் 1870. எனக்கு இந்தப் பட்டியலிலேயே மிகவும் பிடித்த வருஷம் இது. மே 25-ல் 'கொப்பேலியா' அரங்கேறுகிறது. நாயகி ஜூசெப்பினா பொட்ஸாக்கி, மிலானிலிருந்து வந்த 16 வயதுப் பெண். ஜூலையில் பிரஷ்யாவோடு போர் மூள்கிறது, ஆகஸ்ட் முடிவில் ஓபரா மூடப்படுகிறது, செப்டம்பர் 2-ல் அந்த பாலேயை அமைத்த சேன் லியோன் இறந்துபோகிறார், அதே மாதம் 19-ல் பாரிஸ் முற்றுகையிடப்படுகிறது. சம்பளமும் நின்று, உடம்பும் நலிந்துபோன ஜூசெப்பினா பெரியம்மை கண்டு நவம்பர் 23-ல் இறந்தாள், அன்று அவளுக்கு 17-வது பிறந்தநாள். வெளியே மக்கள் குதிரையும் நாயும் எலியும் சமைத்துச் சாப்பிடுகிறார்கள். கடிதங்கள் பலூனில் வெளியே போகின்றன, பதில்கள் நுண்படமாகச் சுருட்டிப் புறாக்களின் வாலில் கட்டி வருகின்றன. பாதி கட்டிய கார்னியே மாளிகை உணவுக் கிடங்காகிவிட்டது. பசித்த ஊரின் நடுவில் பூட்டிய ஒரு ஓபராக் கட்டடம், அதற்குள் உணவு, சாவி யாரோ சிலரிடம். நாவலின் முதுகெலும்பே இதில் இருக்கிறது. சாதாரண வாசகருக்கு 1917 தெரிந்த அளவுக்கு 1870 தெரியாது என்பதும் உங்களுக்குச் சாதகம். அடுத்த மாதம் என்ன நடக்கும் என்று அவர் நிஜமாகவே யோசிப்பார்.

செலவுகளையும் சொல்ல வேண்டும். ஓவியர் டெகாவின் பதினான்கு வயது நடனமணிச் சிலைக்கு மாதிரியாக நின்ற மாரி வான் கோத்தெம் 1880-களின் ஆள், அவளை வைத்து மேற்கில் ஏற்கெனவே நிறையக் கதைகள் வந்துவிட்டன. அந்தப் பக்கம் போனால் கூட்டத்தில் ஒருவர் ஆவீர்கள். உங்கள் மையப் பாத்திரம் ஆண் நடனக்காரர் என்றாலும் இந்தக் காலம் உதவாது, ஆண்களின் மதிப்பு அங்கே அவ்வளவு தேய்ந்துபோயிருந்தது. 'கொப்பேலியா'வின் நாயகன் ஃபிரான்ஸ் வேஷத்தையே ஆண் உடை போட்ட ஒரு பெண்தான் ஆடினாள். ஆதாரங்கள் பெரும்பகுதி பிரெஞ்சில். ஆனால் பிரான்ஸ் தேசிய நூலகத்தின் காலிகா தளத்தில் அந்தக் காலப் பத்திரிகைகளைத் தேதி வாரியாக இலவசமாகப் பார்க்கலாம். இயந்திர மொழிபெயர்ப்பை வைத்து மேலோட்டமாகப் படித்துவிட்டு, கதைக்கு அவசியமான பத்திகளை மட்டும் பிரெஞ்சு தெரிந்த ஒருவரிடம் காட்டிச் சரிபார்த்துக்கொள்ளலாம். புதுச்சேரியில் அப்படி ஒருவரைக் கண்டுபிடிப்பது அவ்வளவு கஷ்டமில்லை.

## பீட்டர்ஸ்பர்க்: அரண்மனையின் நிழலில்

இங்கே சாவி ஒரே இடத்தில், அரண்மனையில். 1738-ல் தொடங்கிய நடனப் பள்ளி பிற்பாடு தியேட்டர் தெருவுக்கு வந்தது. குழந்தைகள் அரசின் செலவில் அங்கேயே தங்கிப் படித்தார்கள், பையன்களும் பெண்களும் பேசிக்கொள்ளக் கூடாது, அரங்கத்துக்கு மூடிய வண்டிகளில் கூட்டிப் போவார்கள். படிப்பு முடிந்ததும் அரசு உத்தியோகம், பிறகு பென்ஷன். பாதுகாப்பான வாழ்க்கை, ஆனால் அதிகாரத்துக்கு மிக அருகில் வாழும் வாழ்க்கை.

எவ்வளவு அருகில் என்பதற்கு நடனமணி மத்தில்டா க்ஷெசின்ஸ்கயாவைப் பாருங்கள். கடைசி ஜார் நிக்கோலஸ் பட்டத்துக்கு வருவதற்கு முன் அவரோடு உறவு, அப்புறம் ஜார் குடும்பத்து இளவரசர்களான இரண்டு கிராண்ட் டியூக்குகள். 1901-ல் ஒரு பாலேயில் பாவாடைக்குள் போட வேண்டிய வளையக் கூட்டைப் போடாமலே மேடையேறிவிட்டார். இயக்குநர் இளவரசர் வோல்கோன்ஸ்கி அபராதம் போட்டார். அபராதத்தை ரத்துசெய்யச் சொல்லி ஜாரே உத்தரவிட, இயக்குநர் பதவியை விட்டே போனார். ஒரு பாவாடை வளையத்தில் தொடங்கி ஒரு இளவரசரின் பதவி போகிற அளவுக்கு வளர்கிற உலகம் அது. எதிரியின் பலம் என்ன என்று உங்கள் கதாநாயகிக்குத் தெரியாமலே அவள் ஒரு சின்னச் சண்டையில் இறங்கினால் போதும், கதை தானாக நகரும்.

1905-க்கும் நாவல்களில் உரிய இடம் கிடைக்கவில்லை என்பது என் எண்ணம். அந்த அக்டோபரில் ஏகாதிபத்திய பாலேயின் கலைஞர்களே கூட்டம் போட்டுக் கோரிக்கை வைத்தார்கள். அன்னா பாவ்லோவா, தமாரா கர்சாவினா, மிக்கேல் ஃபோக்கின் எல்லோரும் அதில் முன்னே நின்றார்கள். நிர்வாகம் விசுவாசக் கையெழுத்து கேட்டது. கையெழுத்துப் போட்ட செர்கேய் லெகாட் அந்த மனவேதனையில் கழுத்தை அறுத்துக்கொண்டு செத்தார். கையெழுத்துப் போட்டது யார், போடாதது யார், கூட்டத்தில் பேசியதை மேலிடத்துக்குச் சொன்னது யார் என்ற கேள்விகள் அப்போது அந்த ஒத்திகைக் கூடத்தில் நின்ற ஒவ்வொருவரையும் தொட்டிருக்கும். 1917-ஐவிட இது நல்ல களம். எல்லோரும் 1917-க்கு ஓடுகிறார்கள், அதன் முடிவும் எல்லோருக்கும் தெரியும்.

1917-ஐ விடவே முடியாது என்பவர்கள் இரண்டு விஷயங்களைப் பார்க்கலாம். ஒன்று க்ஷெசின்ஸ்கயாவின் மாளிகை. போல்ஷெவிக்குகள் அதைக் கைப்பற்றி அலுவலகமாக்கினார்கள், ஏப்ரலில் லெனின் அதன் மாடத்திலிருந்து பேசினார், வீட்டுக்காரி நீதிமன்றம் போனார். இன்னொன்றுதான் எனக்குத் தங்கம்: ஸ்டெபனோவ் முறையில் எழுதிவைத்த பாலே குறிப்பேடுகள். நடன அமைப்பாளர் பெத்திப்பாவின் நடனங்கள் உட்பட இருபதுக்கும் மேற்பட்ட பாலேக்களின் அசைவுகள் பதிவான அந்தப் பெட்டிகளை, மேடை மேலாளராக இருந்த நிகோலாய் செர்கேயெவ் 1918-ல் ரஷ்யாவை விட்டு வெளியே கொண்டுபோனார். லண்டனில் 1930-களில் 'ஜிசெல்', 'ஸ்லீப்பிங் பியூட்டி' எல்லாம் மேடையேறியது அவற்றின் உதவியால்தான். இன்று அவை ஹார்வர்டில் இருக்கின்றன. தேசம் உடையும்போது எல்லோரும் நகையைக் கடத்துகிறார்கள், ஒருவர் மட்டும் நடனத்தைக் கடத்துகிறார். இந்தக் கதைக்கு நான் எந்த நாளும் வாசகன்.

மறைந்திருக்கும் செலவு காலண்டர். 1918 ஜனவரி வரை ரஷ்யாவில் ஜூலியன் முறை, 20-ம் நூற்றாண்டில் மேற்கைவிட 13 நாள் பின்னே. பாரிஸிலிருந்து பீட்டர்ஸ்பர்க்குக்குத் தந்தி வரும் கதையில் இதை விட்டுவிட்டால், கிடைத்த தேதிக்குப் பிறகே அனுப்பியதாக ஆகிவிடும். துப்பறியும் கதையில் இது உயிரை எடுக்கும், புத்திசாலித்தனமாகப் பயன்படுத்தினால் அதுவே நல்ல துப்பாகவும் ஆகும். ஆதாரத்துக்குப் பஞ்சமில்லை. புரட்சிக்குப் பிறகு வெளியேறியவர்கள் பலர் நினைவுகளை எழுதியிருக்கிறார்கள், நேராக ஆங்கிலத்திலேயே எழுதியவர்களும் உண்டு. ஒவ்வொருவரும் தன்னை நல்லபடியாகக் காட்டித்தான் எழுதுவார், அதை மட்டும் மறக்கக் கூடாது.

## தியாகிலெவின் குழு: வீடில்லாதவர்கள்

1909 மே மாதம் பாரிஸ் ஷாத்லே அரங்கத்தில் தொடங்கி, 1929 ஆகஸ்டில் வெனிஸில் தியாகிலெவ் இறந்ததோடு முடிந்த இருபது வருஷம். எல்லோரும் முதலில் கை வைப்பது 1913 மே 29-ல். 'வசந்தத்தின் சடங்கு' அரங்கேறிய இரவு, கூச்சல், கைகலப்பு, பக்கவாட்டில் நாற்காலி மேல் ஏறி நின்று எண்ணிக்கையைக் கத்திய நிஜின்ஸ்கி. தயவுசெய்து அதை விடுங்கள். அது அளவுக்கு மேல் சொல்லப்பட்டுவிட்டது, அங்கே உங்கள் பாத்திரத்துக்கு நிற்க இடமில்லை.

போர்க் காலம்தான் இதில் எழுதப்படாத பகுதி. 1917 டிசம்பரில் குழு லிஸ்பனில் வந்து இறங்கிய கையோடு அங்கே சிதோனியோ பைஸின் ராணுவப் புரட்சி வெடித்தது, தெருவில் துப்பாக்கிச் சண்டை. ஆடி முடித்த பிறகும் பணமும் இல்லை, அடுத்த ஒப்பந்தமும் இல்லை, மாதக் கணக்கில் அங்கேயே கிடந்தார்கள். ஒரு பக்கம் சொந்த நாட்டில் போல்ஷெவிக் புரட்சி நடந்து சில வாரம்தான் ஆகியிருக்கிறது. கையில் இருக்கும் பாஸ்போர்ட் இல்லாமல் போன ஓர் அரசாங்கத்தின் பாஸ்போர்ட்!

இன்னொரு பரிசும் இருக்கிறது. இந்தக் குழுவில் ரஷ்யப் பெயர் வைத்த பலர் ரஷ்யர்களே இல்லை. லிடியா சொகோலோவா என்று ஆடியவர் இங்கிலாந்தைச் சேர்ந்த ஹில்டா மன்னிங்ஸ். லிலியன் அலிசியா மார்க்ஸ் அலிசியா மார்க்கோவா ஆனார். போர்க் காலத்து எல்லையில் ஒரு அதிகாரி பெயரையும் தாளையும் ஒப்பிட்டுப் பார்க்கும் காட்சியை யோசியுங்கள். மேடைப் பெயருக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள நல்ல காரணம் உள்ள ஒருத்தியை இந்தக் குழுவில் சேர்ப்பது மிகச் சுலபம்.

சாவி தியாகிலெவ் ஒருவரிடம். 1913 செப்டம்பரில் புவெனஸ் ஐரிஸில் நிஜின்ஸ்கி கல்யாணம் செய்துகொண்டதும் அவரையே வேலையை விட்டு நீக்கியவர். ஆனால் தியாகிலெவை முக்கியப் பாத்திரமாக்காதீர்கள், தூரத்தில் வைத்திருங்கள். மேற்கோள் விஷயத்தில் கவனமும் வேண்டும். நடந்த சம்பவத்துக்கு உரிமை கேட்க முடியாது, ஆனால் கடிதமும் நினைவுக் குறிப்பும் எழுதியவர் காலத்துக்குப் பிறகும் உரிமை உள்ளவை. இந்தியாவில் 60 வருஷம், ஐரோப்பாவில் 70. 'வசந்தத்தின் சடங்கு'க்கு இசையமைத்த, 1971-ல் இறந்த ஸ்ட்ராவின்ஸ்கியின் வரிகளை அப்படியே எடுத்துப் போட முடியாது.

## சோவியத் காலம்: பாஸ்போர்ட் என்னும் சாவி

சஸ்பென்ஸ் என்றாலே பலருக்கும் தோன்றுவது இதுதான். 1961 ஜூன் 16, பாரிஸ் லெ பூர்ஷே விமான நிலையம், லெனின்கிராடின் கிரோவ் பாலே குழு லண்டனுக்குக் கிளம்புகிறது, அதன் இளம் நட்சத்திரம் நூரியெவை மட்டும் மாஸ்கோ போகச் சொல்கிறார்கள், அவர் பிரெஞ்சுப் போலீசாரிடம் போய்ச் சேர்கிறார். அற்புதமான காட்சி, ஆனால் முடிவு உலகத்துக்கே தெரியும். எனக்கு அதற்குப் பின்னால் நடந்தது முக்கியமாகத் தெரிகிறது. அவர் இல்லாமலே வழக்கு நடந்து ஏழு வருஷ தண்டனை, லெனின்கிராடில் அவருடைய ஆசிரியரிடமும் நண்பர்களிடமும் விசாரணை, அம்மாவைப் பார்க்க அவர் ஊர் திரும்ப முடிந்ததே 1987-ல்தான். ஓடிப்போனவனைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அவனோடு ஒரே அறையில் தங்கியிருந்து, மறுநாள் லண்டனில் மேடையேற வேண்டிய ஒருவனை எழுதுங்கள்.

போக முடியாதவர்கள் கதையும் இதே அளவு கனமானது. மாயா பிளிசெட்ஸ்கயாவின் அப்பா 1938-ல் சுட்டுக்கொல்லப்பட்டார், அம்மா கஜகஸ்தான் முகாமுக்கு அனுப்பப்பட்டார். போல்ஷோயின் பெரிய நட்சத்திரமாக இருந்தும் 1956 லண்டன் பயணத்தில் அவரை விட்டுவிட்டுப் போனார்கள்.

பலரும் கவனிக்காத ஒரு களம் 1962 அக்டோபர். 1924-ல் ரஷ்யாவை விட்டுப் போன நடன அமைப்பாளர் பாலன்ஷின் தன் நியூயார்க் சிட்டி பாலேயோடு முதல்முறையாகத் திரும்பி வந்து அக்டோபர் 9-ல் மாஸ்கோவில் ஆடத் தொடங்குகிறார். அதே சமயம் போல்ஷோய் குழு அமெரிக்காவில். 22-ம் தேதி கென்னடி கியூபாவில் ஏவுகணை இருப்பதை அறிவிக்கிறார். இரண்டு நாட்டு நடனமணிகளும் எதிரி ஊரில். அணு ஆயுதப் போர் வெடிக்கவில்லை என்று வாசகருக்குத் தெரியும், ஆனால் அந்த இருபது வயதுப் பெண்ணுக்குத் தெரியாது, மாலையில் வழக்கம்போல அவள் ஷூவின் ரிப்பன் தைத்தாக வேண்டும். பாலன்ஷினுக்கு அது சொந்த ஊர் திரும்பும் பயணமும்கூட, ஜார்ஜியாவில் இசையமைப்பாளராக இருந்த தம்பியை அத்தனை வருஷம் கழித்துப் பார்க்கிறார். இவ்வளவும் சில வாரங்களுக்குள் அடங்குகிறது.

போர்க் காலம் வேண்டும் என்பவர்களுக்கு பெர்ம் இருக்கிறது, அப்போது அதன் பெயர் மொலோதவ். 1941-ல் லெனின்கிராட் முற்றுகைக்குச் சற்று முன் கிரோவ் குழுவும் பள்ளியும் அங்கே அனுப்பப்பட்டன. 'கயானே' 1942 டிசம்பரில் அங்கேதான் அரங்கேறியது. சொந்த ஊரில் பெற்றோர் பட்டினி கிடக்க, தூரத்து ஊரில் பயிற்சிக் கம்பியான பாருக்கு முன்னால் நிற்கும் குழந்தைகள். ரஷ்யன் தெரியாமல் இதை எழுதுவது கடினம் என்றே நினைக்கிறேன்.

பெயர்களில் கவனம். கேஜிபி 1954-ல் வந்த அமைப்பு, 1941-ல் அந்த வேலையைச் செய்தது என்கேவிடி. பீட்டர்ஸ்பர்க்கின் மரின்ஸ்கி அரங்கத்துக்கு 1935-லிருந்து 1992 வரை கிரோவ் என்று பெயர். இந்தக் காலத்து மனிதர்களின் பிள்ளைகள் இன்றும் இருக்கிறார்கள், நிஜப் பெயர் உள்ள ஒருவரை உளவு சொன்னவராகக் காட்டினால் வழக்கும் வரலாம், அதைவிட முக்கியம், அது நியாயமும் இல்லை.

## நடுவில் ஒரு கதவு: திருவந்திபுரம், 1838

நான்கிலும் சேராத ஒன்றைச் சொல்லாமல் விட மனமில்லை. கடலூர் பக்கத்துத் திருவந்திபுரத்திலிருந்து ஐந்து தேவதாசிப் பெண்களும் மூன்று இசைக்காரர்களும் ஒரு பிரெஞ்சு வியாபாரியின் ஒப்பந்தத்தில் 1838-ல் பிரான்சுக்குக் கப்பலேறினார்கள். துய்லெரி அரண்மனையில் மன்னர் முன்னால் ஆடினார்கள், பாரிஸ் வரியேத்தே அரங்கத்தில் ஆடினார்கள், அப்புறம் லண்டன் அடெல்ஃபியில். அம்மணி என்ற பெண்ணைப் பார் என்ற பிரெஞ்சுச் சிற்பி வெண்கலத்தில் வடித்தார். 'ஜிசெல்' கதையை எழுதியவர்களில் ஒருவரான தியோஃபில் கோத்தியே அவளைப் பற்றி உருகி எழுதினார். பாரிஸ் மேடை அதற்கு எட்டு வருஷம் முன்பே தாக்லியோனியை 'பயதேர்' வேஷத்தில் பார்த்திருந்தது. அதாவது வெள்ளைக்காரி ஆடிய கற்பனைத் தேவதாசி முதலில் வந்தாள், நிஜமானவர்கள் பிறகு வந்தார்கள். ஒப்பந்தத்தில் என்ன இருந்தது என்று அந்தப் பெண்கள் எவ்வளவு அறிந்திருந்தார்கள், ஊர் திரும்ப யாருடைய தயவு வேண்டியிருந்தது, மொழி தெரியாத ஊரில் யாரை நம்பினார்கள்? சாவி யாரிடம் என்ற கேள்வி இவ்வளவு கூர்மையாக வேறெங்கும் இல்லை. பிரச்சினை ஒன்றுதான்: நமக்குக் கிடைப்பதெல்லாம் அவர்களைப் பார்த்தவர்களின் குரல், அந்தப் பெண்கள் தாங்களே எழுதிவைத்த வரி நமக்கு இல்லை. அந்த மௌனத்தை நிரப்பும் பொறுப்பு முழுக்க உங்களுடையது. தமிழில் இதை எழுத நம்மைவிட உரிமையுள்ளவர் யார் என்பதும் உண்மை.

## யாருக்கு எது

முதல் நாவல் என்றால் பாரிஸ் 1870. ஒரே ஊர், சில மாதம், வெளியே போக வழியில்லை, பிரபலங்கள் குறைவு. கொலை மர்மத்தை நோக்கிப் போகிறவர்களுக்கும் இதுதான்.

சூழ்ச்சி, பொறாமை, அதிகார விளையாட்டு பிடிக்கும் என்றால் பீட்டர்ஸ்பர்க், அதிலும் 1905. ஆண் நடனக்காரர் மையம் என்றாலும் அங்கேயே போகலாம், அல்லது சோவியத் பக்கம். அடையாள மாற்றம், போலித் தாள்கள், ஊருக்கு ஓர் அத்தியாயம் என்று போகிற கதைக்கு தியாகிலெவ் குழு. ஒன்றிரண்டு நாவல் எழுதிப் பழகிய கைக்கு மட்டும் 1962. அதில் இரண்டு நாடு, இரண்டு குழு, இரண்டு வகை பாலே பாணி எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் ஓட்ட வேண்டியிருக்கும். அம்மணியின் கதை, தேவதாசி மரபின் வரலாற்றை ஏற்கெனவே ஆழமாகப் படித்தவர்களுக்கு.

இரண்டுக்கு நடுவில் இன்னும் ஊசலாடினால், இரண்டிலும் ஒன்றுமே நடக்காத ஒரு சாதாரண ஒத்திகைக் காலையை எழுதிப் பாருங்கள். பாரைப் பிடித்து நிற்கும் வரிசை, செருப்பு வழுக்காமல் இருக்க ஏதாவது தேய்க்கும் சத்தம், பியானோவா வயலினா (பாரிஸில் அந்தக் காலத்து வகுப்பு என்றால் வயலின்), கதவோரம் நிற்கும் ஆள். யார் அந்த ஆள் என்று எதை எழுதும்போது உங்களுக்கே பதற்றம் வருகிறதோ, அந்தக் காலத்தை எடுத்துக்கொண்டு மற்றதை இப்போதைக்கு மூடி வையுங்கள்.